கவராயத்தில் நடு எடுத்த 16 வருடம்

காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வோம். நடு எடுக்க வேண்டிய இடத்தில் 16 வருடமாக நான் டேப்பைத் தொடுவதில்லை. கவராயமும் நேரான ஒரு சட்டமும் போதும்.

டேப்புக்கு என்ன குறை? பலகை 2 அடி 7 அங்குலம் 5 நூல் வருகிறது என்று வையுங்கள். எங்கள் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். பாதி 15 அங்குலம் ஆறரை நூல். பக்கத்தில் ரம்பம் கத்திக்கொண்டிருக்கும்போது இதை மனசில் போட்டு, டேப்பில் அந்த அரை நூலைத் தேடுவதற்குள் கண் பூத்துவிடும். மில்லிமீட்டரில் அளங்கள் என்பான் பட்டறைப் பையன். அதே பலகை 803 மில்லிமீட்டர். பாதியில் அங்கேயும் அரை வந்து நிற்கிறது.

கவராயத்துக்கு அளவே வேண்டாம். ஒரு முனையில் ஊசியை ஊன்று, பாதிக்கு மேல் காலை விரி, மேலேயும் கீழேயும் வில் போடு. விரித்ததைக் கலைக்காமல் மறுமுனையிலும் அப்படியே போடு. வெட்டிக்கொண்ட இரண்டு புள்ளியையும் சேர்த்துக் கோடு இழு. நடுவும் கிடைக்கும், செங்குத்தும் கிடைக்கும். நாலு பக்கமும் ஒரே நீளமாக ஒரு சாய்சதுரம் உருவாகிறது, அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று பாதியாக, நேர்க்குத்தாக வெட்டும், அவ்வளவுதான் சூட்சுமம். மகளின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு மையக்குத்துக்கோடு என்று பேர் போட்டிருக்கிறது.

பாதிக்கு மேல் என்றால் எவ்வளவு மேல் என்பதைப் பழகித்தான் பிடித்தேன். கொஞ்சமாக விரித்தால் இரண்டு வெட்டும் பக்கத்துப் பக்கத்தில் விழும், அதைச் சேர்த்து இழுக்கும் கோடு சாயும். ரொம்ப விரித்தால் வில்கள் படுத்துக்கொண்டு வெட்டும், எது புள்ளி என்றே தெரியாது. 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் விரித்தால் கிட்டத்தட்ட செங்கோணமாக வெட்டிக்கொள்ளும். பென்சில் முனை அளவுக்குப் புள்ளி துல்லியமாக விழும்.

நான் வாங்கிய பெரிய அடி இந்தப் பென்சில் கவராயத்தால்தான். முதல் இரண்டு வருடம் பள்ளிக்கூடப் பெட்டியில் வரும் தகரக் கவராயத்தையே வைத்திருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். காரிமங்கலத்து வீடு ஒன்றுக்கு இரட்டைக் கதவு. மேல்சட்டத்துக்கு அதை வைத்து நடு எடுத்தேன். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், கச்சிதம். கதவை மாட்டினால் ஒரு பக்கம் இடிக்கிறது. "என்ன ஆசாரி, ஒரு கதவு குண்டா இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். நடு இரண்டு நூல் தள்ளியிருந்தது.

ராத்திரி உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. முதல் முனையில் வில் போட்டு, மறுமுனைக்குத் தூக்கிப் போகும்போது கால் கொஞ்சம் விரிந்திருக்கிறது. அப்படி ஆனாலும் கோடு செங்குத்தாகவேதான் விழும், நடு மட்டும் நகர்ந்துவிடும். அதனால் மூலைமட்டம் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. 10-க்கு 7 கணக்கில் விரித்திருந்தால், கால் மூன்று நூல் விலகினாலே நடு இரண்டு நூல் போய்விடும். அன்றிலிருந்து கடைசி வில்லைப் போட்டதும் திரும்பவும் முதல் முனைக்குப் போய், பென்சில் பழைய வில்லிலேயே உட்காருகிறதா என்று பார்க்காமல் கோடு இழுப்பதில்லை.

அடுத்த வாரமே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எஃகுக் கவராயம் வாங்கினேன். இரண்டு காலுக்கும் நடுவே வளைந்த தகடு, அதை இறுக்க ஒரு திருகு. 14 வருடத்தில் திருகு ஒரே ஒரு முறை மழுங்கியது. சைக்கிள் கடைத் திருகு ஒன்றைப் போட்டேன், ஓடுகிறது. குறை என்றால் எடைதான், மைக்கா ஒட்டிய பலகையில் ஊசி குழி பறித்துவிடும். பேப்பர் டேப் ஒட்டி அதன்மேல் ஊன்றுவேன்.

நீளமான சட்டத்துக்கு இது எட்டாது. ஆரம்பத்தில் ஆணியும் நூலும் வைத்துப் பார்த்தேன். நூல் இழுபட்டு மானத்தை வாங்கியது. இப்போது ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டில் ஆணிக்கு ஒரு ஓட்டை, பென்சிலுக்கு ஒரு ஓட்டை. பலகை ஓரத்தில் கீழே வில் போட இடமில்லையென்றால், மேலேயே இரண்டு வேறு விரிப்பில் போட்டால் சரியாக வரும். ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு முனையிலும் மாறாமல் வைக்க வேண்டும், அதுதான் கணக்கு.

இந்த வேலைக்குச் சோறு போடுவது ஜன்னல் வளைவுதான். 3 அடி அகலம், நடுவில் 6 அங்குலம் உயரம் என்று கேட்பார்கள். ஒரு ஓரத்தையும் உச்சியையும் சேர்த்துக் கோடு போட்டு அதற்கு மையக்குத்துக்கோடு எடுத்தால், அது ஜன்னலின் நடுக்கோட்டை வெட்டும் இடமே வளைவின் மையம். ஆரம் 30 அங்குலம் வரும். பர்கூரில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் மச்சானுக்கும் இதே வித்தைதான் சொல்லிக்கொடுத்தேன். வட்டக் கல்லின் மையம் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். விளிம்பில் இரண்டு நாண் போட்டு இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு இழுத்தால், வெட்டும் இடம் மையம்.

கவராயம் மட்டும் இருந்தாலே நடு எடுக்கலாம் என்று 1797-ல் இத்தாலியின் கணித அறிஞர் மாஸ்கெரோனி எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். நடு வந்தது, பலகை முழுக்க வட்டம். அதைச் சீவி எடுக்க அரை மணி நேரம் ஆனது.