இரண்டு ரமேஷ்: முதலெழுத்தா, அடையாள அட்டையா?

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு ரமேஷ் வந்து நின்றால் பட்டியலில் எதை வைத்துப் பிரிப்பது?

முதலெழுத்து கூப்பிட லேசு. ஆனால் தமிழில் எழுதினால் கந்தையாவின் மகனும் கணேசனின் மகனும் ‘க. ரமேஷ்’தான். ஆங்கிலத்தில் ‘கே’, ‘ஜி’ என்று பிரியும். அங்கே வேறு தொல்லை. தர்மலிங்கத்தை ஒரு படிவத்தில் ‘டி’ (D) என்றும் மற்றதில் ‘ரி’ (T) என்றும் போட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

இலங்கையின் புதிய அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டி. ஒரே நாளில் பிறந்தவர்களையும் மீதி இலக்கங்கள் பிரித்துவிடும். பிரேசில் ரொனால்டோ 1976, போர்த்துக்கல் ரொனால்டோ 1985: ஆண்டே போதும்.

பதிவுக்கு அட்டைதான். ஒலிபெருக்கியில் அதை யார் வாசிப்பது? அங்கே ஊர்ப் பெயர்தான்: ‘செங்கலடி ரமேஷ்’, ‘வாழைச்சேனை ரமேஷ்’.