மொறிஸ் மைனரை எழுப்பித் தந்த பரந்தன் கராஜ்

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் எப்போதும் நாலைந்து உழவு இயந்திரங்கள் நிற்கும். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அதைப் பார்த்துத் தயங்காமல் உள்ளே போகலாம்.

எங்களுடையது 1964 மொறிஸ் மைனர், 1098 சிசி, ஸ்ரீ இலக்கத் தகடு. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் அப்பா ஓடிய கார். 2006 தொடக்கத்தில் தகரவேலைக்கென்று வவுனியாவுக்குக் கொண்டுபோய் அத்தை வீட்டில் விட்டிருந்தார். ஓகஸ்ட்டில் போரால் கண்டி–யாழ்ப்பாண ஏ9 பாதை மூடப்பட்டது. கார் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கிளிநொச்சியில் நின்றிருந்தால் எங்கள் மற்றச் சாமான்களோடு அதுவும் போயிருக்கும். பிறகு வீடு, பிள்ளைகள் படிப்பு என்று வருடங்கள் ஓடி, சென்ற மாசியில்தான் அதைக் கொண்டுவரக் கையில் காசு வந்தது.

உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கராஜ் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. லொறியோடு தானே வவுனியாவுக்கு வந்தார். பின்சில்லு இரண்டும் இறுகிக் கிடந்தன. சுத்தியலால் பிறேக் ட்றம்மின் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். அரைமணித்தியாலம் போயிருக்கும், உள்ளே துரு விட்ட சத்தம் கேட்டது. காரைக் கையாலேயே தள்ளி ஏற்றினோம். லொறிக் கூலி 28,000 ரூபா. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

“தம்பி, திறப்பைப் போட்டிடாதேங்கோ. முதல்ல பிறேக், பிறகுதான் எஞ்சின்” என்றார். பிளக் நாலையும் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மூன்று நாள் தொடவேயில்லை. நாலாம் நாள் ஹான்டிலைப் போட்டுக் கையால் சுற்றினார். அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. அவசரப்பட்டு பற்றரி கொடுத்திருந்தால் பிஸ்ரன் றிங் உடைந்திருக்கும் என்று பிறகு விளங்கப்படுத்தினார்.

இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, பொடியே சுமை தாங்குகிறது. அதனால் பெயின்ற் அடிக்கக் கேட்ட என்னைக் காருக்கு அடியில் படுக்க வைத்து, பின் ஸ்பிரிங் பூட்டுகிற இடத்தை ஸ்குறூட்றைவரால் குத்திக் காட்டினார். தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. காசில் பெரும்பங்கு அந்த வெல்டிங்குக்குத்தான் போனது. பெயின்ற் துருவெடுத்த இடங்களுக்கு மட்டும்.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகரத்துக்கு அடியில் இருக்கிறது. அதன் றப்பர் செற்றை அவரைக் கேட்காமல் கொழும்பில் ஒரு கடையில் நானே வாங்கினேன். அளவு பிழை, மாற்றித் தரவும் இல்லை, 6,500 ரூபா போனது. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கழற்றியதை அளந்துவிட்டுத்தான் அவர் சாமானுக்குச் சொல்லி அனுப்புவார்.

ரயர், வயரிங் எல்லாம் சேர்த்து மொத்தம் 4 இலட்சத்து 20 ஆயிரம். ஒரேயடியாகக் கேட்கவில்லை. ஒரு வேலை முடிய அதற்குரிய காசு, அடுத்ததற்குக் காசு சேரும்வரை கார் மூலையில் நிற்கும். ஒவ்வொரு நட்டும் சீஆர் கொப்பியில் எழுதியிருந்தது. என்னைப் போன்ற சம்பளக்காரருக்கு வேறு எந்த வழியிலும் இது முடிந்திராது.

குறை என்றால், இரண்டு மாதம் என்றது எட்டு மாதமானது. அதில் இரண்டு மாதம் என் கையில் காசில்லாத காலம். மிச்சத்தில் பாதி, பெரும்போக உழவு தொடங்கி அவர் முழுக்க உழவு இயந்திரங்களோடு நின்றது. கார் கொடுப்பதென்றால் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, பங்குனியில் கொடுங்கள். இடப்பக்கக் கதவு றப்பரால் இன்னும் மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. காசு வாங்காமல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காரை எடுக்கப் போன அன்று 79 வயது அப்பாவும் வந்தார். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்து, நிரம்பியதும் நின்றது. அப்பா கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். “பம்ப் சரி. இனிச் சோக்கை இழு.”