டர்பனில் ஓப்பன் பிளான் சமையலறை: சில வருடம் சமைத்துப் பார்த்த பிறகு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அறுபதுகளில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் சமையலறை எவ்வளவு சின்னது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் 2019ல் கூடத்துச் சுவரை எடுத்துவிட்டு, கூடமும் சமையலறையும் ஒரே இடமாக ஓப்பன் பிளானாக மாற்றினோம், கூடவே பின்வாசல் பக்கம் கதவு வைத்த ஒரு ஸ்கல்லரியும், அதாவது ஒரு சின்னப் பின் சமையலறையும், கட்டினோம். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிற எல்லாரும் ஓப்பன் பிளான் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தினமும் தாளிக்கிற வீட்டுக்கு ஸ்கல்லரி இல்லாமல் அது வேண்டவே வேண்டாம், அந்த இடத்துக்காக ஒரு அலமாரி குறைந்தாலும் பரவாயில்லை.

ஜூன், ஜூலையில் கரையோரம் மத்தி வரும்போது வீட்டில் மீன் பொரிக்காமல் இருப்போமா? ஸ்கல்லரிக் கதவைச் சாத்திவிட்டுப் பொரித்தால் கூடத்தில் சோபாவிலும் திரைச்சீலையிலும் வாடை ஏறுவதில்லை. இதற்குக் கதவு மட்டும் போதாது, புகைபோக்கியும் சரியாக இருக்க வேண்டும். கடைகளில் கரி ஃபில்டர் வைத்து அதே காற்றைத் திருப்பி உள்ளேயே விடுகிற மாடலைத்தான் முதலில் காட்டுவார்கள். மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிக்கும்போது அது எதற்கும் ஆகாது, ஈரத்தையும் சூட்டையும் அதனால் வெளியேற்ற முடியாது. வெளிச்சுவரை ஒட்டி அடுப்பை வையுங்கள், குழாய் நேராக வெளியே போகட்டும். ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். எண்ணெய் பிடிக்கிற உலோக வலையை அடிக்கடி வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் இத்தனை வருடம் கழித்தும் நன்றாக இழுக்கிறது.

அடுப்பு விஷயம். ஸ்கல்லரியில் கேஸ், முன்னால் திறந்த சமையலறையில் இண்டக்‌ஷன். 2023ல் லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் போனாலும் பருப்பும் சோறும் நேரத்துக்கு ஆனது கேஸால்தான். சிலிண்டர் வெளியே கூண்டுக்குள், அங்கிருந்து குழாய் உள்ளே வருகிறது. பதிவு பெற்ற ஆளை வைத்துப் போட்டு, தகுதிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள், இங்கே சட்டப்படி அது கட்டாயம். அப்புறம், அத்தையின் ஹார்ட் (Hart) கம்பெனிப் பானைகள் எல்லாம் அலுமினியம், இண்டக்‌ஷனில் சூடேறாது. பிரியாணிக்குப் பெரிய பானை ஏற்றுகிற வீடு என்றால் கேஸை விடாதீர்கள்.

மேடைக்கு ரஸ்டன்பர்க் சாம்பல் கிரானைட் போட்டோம். வெள்ளைக் குவார்ட்ஸ் கண்ணுக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதில் கல்தூளை ஒட்டிவைப்பது ரெசின் என்ற பிசின். கொதிக்கிற பானையை அப்படியே இறக்கினால் நிறம் மாறிப்போகும், மஞ்சள் கறையையும் உடனே துடைத்தாக வேண்டும். எங்கள் கிரானைட்டில் மசாலாத் தடம் ஒன்றுகூட இல்லை. டைல் இடுக்கில் மட்டும் எபாக்ஸி கேளுங்கள், சாதாரண வெள்ளை சிமெண்டுப் பூச்சு சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

டர்பன் ஈரக்காற்று அலமாரிக்குப் போடுகிற சாதாரணச் சிப்போர்டைச் சும்மா விடாது. வெட்டிய விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிவிடும், அப்புறம் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. சிங்க் அடியில் ஈரம் தாங்கும் பலகை, எல்லா விளிம்பையும் மூடி ஒட்டுகிற பட்டி, கீழே பிளாஸ்டிக் கால்கள், இந்த மூன்றுக்கும் செலவு செய்யுங்கள். பிளஃப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கீல்களுக்கும் துருப்பிடிக்காத எஃகு கேட்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சின்னது: புரட்டாசிக்கென்று தனி இழுப்பறை. விரத மாதம் முழுக்க இறைச்சி தொடாத பாத்திரங்கள், கரண்டி, வெட்டும் பலகை எல்லாம் அதில். முன்பெல்லாம் ஒவ்வொரு வருடமும் பெட்டியிலிருந்து இறக்கித் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது, இப்போது இழுப்பறையைத் திறந்தால் போதும், அத்தைக்கு அதில் இருக்கிற நிம்மதியைப் பார்த்தாலே செலவு செய்தது சரி என்று தோன்றும்.

ஒன்று மட்டும் இன்னும் தேவைப்படுகிறது: ஸ்கல்லரி சிங்க்கை வெளியே இருக்கிற ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியோடு இணைக்கிற ஒரு குழாய். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராத நாட்கள் இங்கே புதிதில்லை. சுவரை மூடுவதற்கு முன்பே அந்தக் குழாயையும் பதித்துவிடச் சொல்லுங்கள்.