அசுவினிப் பூச்சிக்கு வாசனை எண்ணெய் வாங்கி 4,600 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

செடி அவரை பூவெடுக்கிற நேரம், கொழுந்து முழுக்கக் கருப்பு அசுவினி. தேனீ வருகிற சமயத்தில் ரசாயனம் வேண்டாம் என்று, ஒரு ஆன்லைன் விற்பனைச் செயலியில் இயற்கை மருந்து தேடினேன். எலுமிச்சைப்புல், கிராம்பு, புதினா எண்ணெய்க் கலவை, அரை லிட்டர் பாட்டில் ரெண்டு, 4,600 ரூபாய்.

விலையைப் பார்த்துத் தயங்கி, அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் விற்கவே அவசரப்படவில்லை. "அண்ணா, இலைக்கு அடியில போட்டோ எடுத்து அனுப்புங்க. எறும்பு ஏறுதா? இலை பிசுபிசுன்னு இருக்கா?" என்று கேட்டார். அசுவினியின் தேன்கழிவைத் தின்னத்தான் எறும்பு ஏறும். இது தெரிந்தவர் வெள்ளாமை தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நம்பிப் பணத்தைப் போட்டேன்.

டேங்கில் ஊற்றியதுமே எண்ணெய் தனியாக மிதந்தது. எவ்வளவு கலக்கியும் சேரவில்லை. லேபிளில் போட்ட அளவுக்குத்தான் அடித்தேன். மறுநாள் இலையெல்லாம் திட்டுத் திட்டாகக் கருகிப்போச்சு, பூ கொட்டிப்போச்சு. இலைக்கு அடியில் அசுவினி அப்படியே இருந்தது. அது இணை சேராமலே குட்டி போடும், ஒரு வாரத்தில் அந்தக் குட்டியும் குட்டி போடும். விடுமா?

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தேன். நல்ல எலுமிச்சைப்புல் எண்ணெய் என்றால் பெரும்பாலும் எண்ணெய்க் கறை நிற்காமல் ஆவியாகிவிடும். இது பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி வட்டமாக நின்றுவிட்டது. ஏதோ மலிவு எண்ணெயில் வாசனையைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள்!

போன் செய்தால் அதே குரல், "தண்ணி பாய்ச்சாம அடிச்சிருப்பீங்க" என்கிறது. அப்புறம், "உங்க ஊர் தண்ணி உப்பு". அப்புறம் எடுக்கவே இல்லை. செயலியில் புகார் போட்டால் "சீல் உடைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்று ஒரே பதில். சீலை உடைக்காமல் எப்படி அய்யா மருந்தடிப்பது? 4,600 ரூபாய்! அவரை காய்ப்பு போனது தனிக்கணக்கு.

வாசனை எண்ணெய்களையே குறை சொல்லவில்லை. பூச்சி மேல் நேராகப் பட்டால் கொல்லும். ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், தண்ணீரோடு சேரக் குழம்பாக்கி வேண்டும். இதையெல்லாம் அந்த ஆள் சொல்லவே இல்லை.

விவரமாக எழுத இப்போது மனசில்லை. வேப்ப மருந்து பாட்டிலில் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியை அடக்குகிற சத்து) எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), பதிவெண் என்ன என்று அச்சடித்திருக்கும். அப்படி எதுவும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். எதுவானாலும் முதலில் நாலு செடியில் சாயங்காலம் அடித்துப் பாருங்கள். ரசீதையும் பேசிய மெசேஜையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்தாச்சு, இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பாட்டில் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. பச்சை லேபிள், மஞ்சள் மூடி.