பீரோ நிறையத் துணி, ஒரு மிதி மிஷின்: நானே தைத்து உடுத்திய வருஷங்கள்

சொந்தமாகத் தைத்து உடுத்த ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. அலுவலகத்துக்குப் போடும் குர்த்தி, வீட்டில் போடும் நைட்டி, சேலைக்கு ஜாக்கெட், வீட்டுக்காரருக்கு அரைக்கைச் சட்டை என்று எல்லாமே இப்போது என் மிஷினில் தைத்தவைதான். புதிதாகத் தைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மிஷினைப் பற்றி. அதையும் சொல்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் துணியைத் தெரிந்துகொண்டவருக்குப் பாதித் தையல் வந்த மாதிரி. மாடலை முடிவு செய்துவிட்டு அதற்குத் துணி தேடி அலைகிறவர்கள் அதிகம். நான் துணியைத்தான் முதலில் வாங்குகிறேன். அது கையில் எப்படி விழுகிறது, கசக்கினால் எப்படி நிமிர்கிறது என்று பார்த்த பிறகுதான் அது குர்த்தியா, சட்டையா, பாவாடையா என்று தெரியும்.

கடை வெளிச்சத்தில் எல்லாத் துணியும் அழகுதான். இருபது முப்பது தடவை துவைத்த பிறகு எது எப்படி நின்றது என்பதுதான் உண்மையான கணக்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரைக்காரி என்பதால் சுங்குடிக்குத்தான் முதல் இடம். இங்குள்ள சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. துணியில் புள்ளி வர வேண்டிய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரிப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பதில் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான் அதிகம். முடிச்சுப் போட்டதா என்று பார்க்க, புள்ளியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கட்டிய புள்ளி சுத்த வட்டமாக இருக்காது. நடுவில் ஒரு சின்ன மேடு, சுற்றிலும் சுருக்கம் இருக்கும். அச்சுப் புள்ளி தட்டையாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அச்சடித்ததும் உடுத்த நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. இரண்டையும் வாங்குகிறேன், விலையைத் தெரிந்து கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

ஐந்தரை மீட்டர் சுங்குடிச் சேலையில் எனக்கு இரண்டு குர்த்தி வரும். கரையைக் கை ஓரத்துக்கும் கீழ் மடிப்புக்கும் வைத்துக்கொள்வேன். மெல்லிய துணி என்பதால் இறுக்கிப் பிடித்துத் தைத்தால் அக்குளுக்குக் கீழே தையல் ஓரமாக நூல் விலகும். மார்புச் சுற்றுக்கு மேல் 4 இஞ்ச் லூஸ் விட்டால் அந்தத் தொல்லையே இல்லை. அப்படித் தைத்த ஒரு அரக்கு நிறக் குர்த்தி இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, துணி ஒரு இடத்திலும் விடவில்லை.

நீண்ட நாள் உழைப்பதில் சுங்குடியையும் தாண்டுவது காரைக்குடிக் கண்டாங்கி. 2019-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள், பெரிய கட்டம், அகலக் கரை. கனமான துணி, சுருக்கு வைத்துத் தைக்க லாயக்கில்லை. நேராக விழும் குர்த்தி, முன்பக்கம் திறந்த கோட்டு, கைப்பை இதற்கெல்லாம் அருமை. வெட்டும்போது பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும், அதற்காகக் கால் மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். துவைக்கத் துவைக்க மிருதுவாகிக்கொண்டே போகும். என் பீரோவில் ஒரே ஒரு துணியை வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி சித்திரை வெயிலுக்குச் சொர்க்கம், ஆயுள் மட்டும் குறைவு. இரண்டு கோடை தாண்டினால் தோளில் நைந்துவிடுகிறது. கதர் தலைகீழ். ஆரம்பத்தில் சொரசொரவென்று இருக்கும், பத்துச் சலவைக்குப் பிறகு கழற்ற மனம் வராது. போச்சம்பள்ளி இக்கத் துணியில் நெய்யும் முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றிவிடுவதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கொஞ்சம் தளர்வாக நெய்த ரகங்களில் வெட்டிய ஓரம் சீக்கிரம் பிரியும். ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாதவர்கள் முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஓரமாக ஒரு தையல் போட்டு, பிசிறை நறுக்கி, திருப்பி உள்பக்கம் இன்னொரு தையல் போடுங்கள். ஓரம் உள்ளுக்குள் போய்விடும், பிசிறு என்ற பேச்சே இல்லை.

லினன் விலை அதிகம். அதில் தைத்த சட்டையில் முதலில் தேய்வது காலர் மடிப்புதான், உடம்புத் துணி அப்படியே இருக்கும். அப்போது காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைத்தால் சட்டை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பழைய தையல்காரர்கள் எல்லோரும் செய்த வேலை இது. ரேயானை நான் விட்டுவிட்டேன். விழுவது அழகுதான், ஆனால் வெட்டும்போது நழுவும், துவைத்தால் சுருங்கும், ஈரத்தில் பலம் போய்விடும். அதில்தான் தைப்பேன் என்பவர்கள், குறிப்பாக ஃப்ளேர் வைத்த உடுப்பு என்றால், கீழ் மடிப்பு அடிக்கும் முன் ஒரு ராத்திரி முழுக்க ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தொங்கி இறங்குவது இறங்கிவிடும், பிறகு சமமாக வெட்டி மடிக்கலாம்.

"சுத்தக் காட்டன்தாங்க" என்று கொடுத்த துணியில் சந்தேகம் வந்தால், ஓரத்தில் நாலு நூல் உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கிறேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டை நிற்கும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது சாயம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் விடுகிற சாயத்தை உப்பு நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஈர வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதுதான் ஒரே வழி. அப்படிப்பட்ட துணியை வெள்ளையோடோ வெளிர் நிறத்தோடோ சேர்த்துத் தைக்காதீர்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டத் துணியைத் துவைக்கும்போது சாயம் போய்க் கறை பட்டுப் புகார் கிளம்பியது. பிறகு அதையே சிறப்பாக்கி, 'சாயம் போகும், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து புதுச் சாயல் தரும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. நம் நெசவாளர்கள் அனுப்பிய துணி அது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வாங்கி வந்த துணியை அன்றைக்கே நனைக்கிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்கும். 44 இஞ்ச் நீளக் குர்த்தியில் அது ஒன்றரை முதல் இரண்டு இஞ்ச். ராத்திரி ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தில் அயர்ன் செய்தால் வெட்டத் தயார். நனைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கைத்தறித் துணியில் இருக்கும் கஞ்சி போய்விடும். ராமபாணப் பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சியைத்தான். கஞ்சி போன துணியைப் பழைய வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை ஓட்டை விழவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடம் கோடாக வெளுக்கும்.

வெட்டும் முன் இன்னொன்று. கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுக்கும் ஓரம் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, ஊசி முனையால் கிளப்பி, மெதுவாக உருவுங்கள். துணி அந்த இடத்தில் சுருங்கி வரும், நூல் வெளியே வந்ததும் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டிலேயே கத்தரியை விடுங்கள். அப்போதுதான் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் நூல், நேராக நிற்கும். பக்கத் தையல் முழங்காலுக்குப் போகப் போக முன்னால் திரும்பும் குர்த்திகளைப் பார்த்திருப்பீர்கள், பாவு சாய்ந்து வெட்டியதன் விளைவு அது.

எங்கே வாங்குவது? எனக்கு விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகள் நடந்துபோகும் தூரம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் கைத்தறிக்கு நம்பகமான இடம். தீபாவளிச் சமயத்து 30 சதவீதத் தள்ளுபடியில்தான் என் பெரிய கொள்முதல் எல்லாம். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு ஒருமுறையாவது போங்கள், துணிப் பிரியர்களுக்குத் திருவிழா அது. எங்கே வாங்கினாலும் முதலில் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். 44 இஞ்ச் பன்னாவில் முக்கால் கைக் குர்த்திக்கு இரண்டரை மீட்டர் தாராளம். 36 இஞ்ச் என்றால் 3 மீட்டர் வேண்டும். கட் பீஸ் கடையில் ஒன்றரை மீட்டர் ஒன்றேமுக்கால் மீட்டர்தான் கிடைக்கும், அது அரைக்கைச் சட்டைக்கோ குட்டைக் குர்த்திக்கோ சரி. ஒவ்வொரு துணியிலும் சின்னதாக ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, மீட்டர், பன்னா, வாங்கிய இடம், சுருக்கம் எல்லாம் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். கடைக்குப் போகும்போது அந்த நோட்டு பையில் இருந்தால் அதே நீலத்தை மறுபடி வாங்க மாட்டோம்.

இனி மிஷின். என்னுடையது அம்மாவுடைய கறுப்பு மிதி மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் கண்டாங்கி நாலு மடிப்பு சேரும் இடத்திலும் தயங்காது. மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. வாரம் ஒரு சொட்டு எண்ணெய், பாபின் கேஸுக்குள் சேரும் பஞ்சைத் துடைப்பது, தளர்ந்த பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டிச் சேர்ப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு. வெள்ளை நிறத்து எடை குறைந்த மோட்டார் மிஷின்களையும் தோழி வீட்டில் நிறையத் தைத்துப் பார்த்திருக்கிறேன். ஜிக்ஜாக் தையல், பட்டன் ஓட்டைக்கான காஜா எல்லாம் வரும், பனியன் துணிக்கு நல்லது, தடித்த துணியில் மூச்சு வாங்கும். எதுவானாலும் தையல் விட்டு விட்டு விழுந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஊசியை மாற்றுங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். மல்மலுக்கு 11-ம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கண்டாங்கிக்கும் ஜீன்ஸுக்கும் 16.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணிய இழுக்காதம்மா, பல்லு தானா தள்ளிவிடும். நீ வழி மட்டும் காட்டு." பல்லு என்று அவர் சொன்னது, ஊசிக்குக் கீழே இருந்து துணியைத் தள்ளும் பல் பட்டையை. சுளிவு இல்லாத தையலுக்கு இதற்கு மேல் பாடம் தேவையில்லை.

நானே தைப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம் பாக்கெட். கடையில் வாங்கும் பெண்கள் உடுப்பில் பாக்கெட் இருந்தாலும் இரண்டு விரல்தான் போகும். என் குர்த்தியில் இடுப்புக் கோட்டுக்கு 3 இஞ்ச் கீழே வாய் ஆரம்பிக்கும், உள்ளங்கையும் போனும் சேர்ந்து போகும் ஆழம் இருக்கும். உள்துணிக்குப் பாப்ளின்தான் சரி, மேல்துணியையே போட்டால் சீக்கிரம் கிழியும். வாயின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டி அழுத்துங்கள், பாரம் முழுக்க அங்கேதான் விழும்.

காசுக் கணக்கு கேட்பவர்களுக்கு: நல்ல கைத்தறி வாங்கி நானே தைக்கும் குர்த்தியின் அடக்கமும் கடைக் குர்த்தியின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சம் ஜாக்கெட்டில் இருக்கிறது, லைனிங் ஜாக்கெட்டுக்கு 500 ரூபாய்க்குக் கீழே கூலி கேட்பவர் எங்கள் பக்கம் இல்லை. அப்புறம், ஆயுளில் இருக்கிறது. பக்கத் தையலில் ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைப்பதால் உடம்பு பெருத்தாலும் பிரித்துவிட்டு அதையே போடலாம். கடை உடுப்பில் கால் இஞ்ச்கூட இருப்பதில்லை.

காஜா மட்டும் இன்னும் வெளியில்தான் கொடுக்கிறேன். கையால் எடுக்கத் தெரியும், ஒரு சட்டைக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். காஜா கடையில் பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறார்கள். கொடுக்கும் முன் பட்டன் இடங்களைச் சாக்பீஸால் நீங்களே குறித்துக் கொடுங்கள், முதல் காஜா காலர் பட்டியில் படுக்கைவாட்டில், மற்றவை நெட்டுவாட்டில் என்று சொல்லியும் கொடுங்கள்.