ஊட்டிக் குளிரில் சைலன்சர் துப்பும் தண்ணீர்: என் வண்டியோடு சில வருடங்கள்

2018இல் கோவையில் இருந்தபோது வாங்கிய வண்டி இது. 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், ஓடியது 64,000 கிலோமீட்டர். மைலேஜ், ஏசி பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சைலன்சரில் சொட்டும் தண்ணீரைப் பற்றி மட்டும்.

கோவையில் இருந்தவரை இது என் கண்ணில் பட்டதே இல்லை. 2020 கடைசியில் ஊட்டிக்கு மாற்றலாகி வந்தேன். டிசம்பரில் ஒரு நாள் காலை, புல்லெல்லாம் உறைபனி. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க இறங்கினால், இட்லிக் கொப்பரையைத் திறந்தது மாதிரி பின்னால் ஒரே ஆவி. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்ததும் குழாய் வாயிலிருந்து தண்ணீர் தெறித்தது. வண்டியின் பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. பொங்கலுக்கென்று முன்கூட்டியே வெள்ளையடித்து வைத்திருந்த சுவர். அதில் முழங்கால் உயரத்துக்கு மிளகுப்பொடி தூவியது போல் கரும்புள்ளிகள். “என்ன தம்பி, உங்க வண்டி வெத்தல போடுமா?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

பயந்துபோய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறக்காமலே, “ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், இஞ்சினைப் பிரிக்கணும்” என்றார்கள். இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எரியும் அறைக்குள்ளோ ஆயிலிலோ கசியாமல் தடுக்கும் அடைப்புதான் ஹெட் கேஸ்கெட். செலவு பதினெட்டாயிரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்டது மூன்றே கேள்விதான். கூலன்ட் குறைகிறதா? ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் (டிப்ஸ்டிக்) பால் கலந்த மாதிரி இருக்கிறதா? புகையில் இனிப்பு வாடை அடிக்கிறதா? கூலன்ட் டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். தினமும் காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தேன். மாதக் கடைசியிலும் கூலன்ட் அதே கோட்டில்தான் நின்றது. பதினெட்டாயிரம் தப்பியது.

விஷயம் இதுதான். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் என்று அவர் சொன்னபோது நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. குழாய் சூடாக இருந்தால் அவ்வளவும் ஆவியாகவே வெளியே போய்விடும். குழாய் சில்லென்று இருந்தால் உள்ளேயே தண்ணீராகி, அங்கிருக்கும் கரியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். சுவரில் இருந்த புள்ளி அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலிலிருந்து வரும் தண்ணீரும் கிட்டத்தட்ட இதே அளவுதான். சிஎன்ஜியில் ஹைட்ரஜனின் பங்கு கூடுதல் என்பதால் தண்ணீரும் கூடும். கோவையில் மச்சான் வைத்திருக்கும் சிஎன்ஜி வண்டி அந்த வெயிலிலும் காலையில் சொட்டும்.

ஊட்டி மாதிரி இடத்தில் ஒரு குழப்பம் வரும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெளிக்காற்றின் குளிரில் கொஞ்சம் ஆவி தெரியத்தான் செய்யும். அது இரண்டு மூன்று அடியில் கரைந்துவிடும். கூலன்ட் எரிந்து வரும் புகை சீக்கிரம் கலையாது, வண்டிக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

சரி, தண்ணீரால் நஷ்டமே இல்லையா என்றால், எனக்கு இருந்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர். பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பா சூடாவதற்குள் வண்டியை நிறுத்தியிருப்பேன். தினமும் தேங்கிய தண்ணீர் உள்ளிருந்தே அரித்து, 2023இல் தையல் பிரிந்த மாதிரி அடியில் ஓட்டை விழுந்தது. மேலே பார்த்தால் பளபளப்புதான், சத்தம் மட்டும் டவுன் பஸ் மாதிரி. புதுசு மாட்ட நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. புது டப்பாவின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருந்தது. தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியே வைப்பது. அதில் சொட்டுவதைப் பார்த்து, வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். நல்லவேளை, கேட்கவில்லை.

காலையில் பத்து நிமிடம் சும்மா ஆன் செய்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஐடிலில் பெட்ரோல்தான் போகிறது, சைலன்சர் காய்வதில்லை. அரை நிமிடம் விட்டு, நிதானமாக ஓட்டத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வரை ஒரு நடை. போகும்போது இறக்கம், இஞ்சினுக்கு வேலையே இல்லை. திரும்பி ஏறும்போதுதான் டப்பா நன்றாகச் சுட்டுக் காயும்.

வண்டியை இப்போது முகம் சுவரைப் பார்க்க நிறுத்துகிறேன். அந்தச் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்த கூலியையும் இந்த வண்டியின் பராமரிப்புச் செலவில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.