மார்கழிச் சென்னை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

டிசம்பர் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் மகள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான்கு நாள் இருப்பார்கள். ஊர் சுற்றவேண்டும், துணி எடுக்கவேண்டும், ஒரு கச்சேரியாவது கேட்கவேண்டும். ஆரம்பத்தில் கொண்டுவந்த பணம் இரண்டாம் நாளே கரைந்துவிடும். அப்புறம்தான் ஒவ்வொரு செலவுக்கும் இருக்கிற இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். இந்த ஊரில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான். எந்தக் கிழமை, எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்தான் பெரிய பணம் மிஞ்சுகிறது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழும்பூரிலிருந்து தி.நகர் போக ஆட்டோ என்றால் நூற்றைம்பது ரூபாய் ஆகிவிடும். மின்சார ரயிலில் மாம்பலத்துக்கு ஆளுக்கு 5 ரூபாய். இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, வெளியூர்க்காரர்களுக்கும் அப்படித்தான். இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்த பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் சரி. ஆனால் சாயங்காலம் நான்கு பேர் ஆறு பையோடு திரும்பும்போது ஆட்டோவே மேல். அங்கே போய்க் கணக்குப் பார்க்கக்கூடாது.

சிட்டி டூர் வேனா, எழும்பூர் மியூசியமா?

ஒரு வருஷம் வேனில் பணம் கட்டி அனுப்பினேன். ஒரே நாளில் ஏழு இடம் என்றார்கள். கடற்கரையில் கால் மணி நேரம், கோயில் வாசலில் பத்து நிமிஷம், ஒரு கைவினைப் பொருள் கடையில் மட்டும் முழுசாக முக்கால் மணி நேரம். எதைப் பார்த்தோம் என்று அத்தானுக்கு நினைவே இல்லை.

அடுத்த வருஷம் அந்த நாளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம். 1851-இல் தொடங்கியது. கடைசியாகப் போனபோது பெரியவர்களுக்கு 15 ரூபாய் வாங்கினார்கள். அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரி என்று எல்லாம் இந்த ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அர்த்தநாரிக்கு முன்னால் மருமகள் ரொம்ப நேரம் நின்றாள். "மாமா, இந்தப் பக்கம் ரெண்டு கை, அந்தப் பக்கம் ஒரு கைதான் இருக்கு" என்றாள். வலப்பாதி சிவனுக்கு இரண்டு, இடப்பாதி உமைக்கு ஒன்று. இடுப்பு வளைவும் தோளின் அளவும் நடுக்கோட்டில் மாறுவதை அவளே விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். வேன் கொடுக்கும் பத்து நிமிஷத்தில் இதற்கு வழியே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: வெள்ளிக்கிழமை விடுமுறை.

மாமல்லபுரமா, தட்சிணசித்ராவா?

இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று தென்னிந்தியாவின் பழைய வீடுகளை இருந்த ஊரில் பிரித்தெடுத்து, மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். திண்ணை, முற்றம், அரிசிப் பெட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதுவே சரி. நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் ஒரு முழு நாளுக்கு விஷயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போகவேண்டாம், விடுமுறை.

செலவை மட்டும் பார்த்தால் மாமல்லபுரத்தை அடித்துக்கொள்ள முடியாது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து 40 ரூபாய் டிக்கெட், ஆன்லைனில் 35. பதினைந்து வயதுக்குள் இருந்தால் இலவசம். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். அது கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழும்போது ஒவ்வொரு உருவமும் தனியாக எழுந்து நிற்கும். யானையின் காலடிப் பக்கம் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்யும், அதைச் சுற்றி எலிகள். விடிந்ததும் பஸ் பிடித்தால் டூர் வண்டிகள் வருவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டு ஓட்டு மாமல்லபுரத்துக்கே.

மாலைக் கச்சேரியா, மத்தியானக் கச்சேரியா?

இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சபா என்கிற இசை அமைப்புகள் ஊரெங்கும் கர்நாடக இசைக் கச்சேரி நடத்தும் காலம்தான் மார்கழி சீசன். அதைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு மாலைக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். பெரிய வித்வான், பெரிய சபா, நல்ல இருக்கை என்றால் நான்கு பேருக்கு ஆயிரங்களில் போகும். ஆனால் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள். வருஷக்கணக்கில் உழைத்து, சபா ஒதுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வருகிறார்கள். எதிரே பாதி நாற்காலி காலி. அது எனக்கு ஒவ்வொரு வருஷமும் வருத்தமாக இருக்கிறது. முன்வரிசையில் போய் உட்காரலாம், மிருதங்கக்காரரின் விரல் விழும் இடம் தெரியும். போன வருஷம் ஒரு பெண் தோடி ராகத்தை எடுத்து இருபது நிமிஷம் பாடினாள். இசையே பிடிக்காது என்று சொல்லும் அத்தான் ஃபோனை எடுக்கவே இல்லை.

1928 முதல் நடக்கும் மியூசிக் அகாடமியில் சீசன் நாட்களில் காலையில் விரிவுரையும் செயல்விளக்கமும் உண்டு. கற்றுக்கொள்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். அதற்கும் முன்னால், விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதியில் பஜனை நடக்கும். கர்நாடக இசைப் பாடல்கள் இயற்றிய பாபநாசம் சிவன் பாடி நடந்த வீதிகள் அவை. குளிரில் கோலங்களைத் தாண்டி அந்தப் பாட்டுக்குப் பின்னால் நடக்க ஒரு பைசா செலவில்லை.

சபா கேன்டீன்? அங்கே சிக்கனம் எதிர்பார்க்கவேண்டாம். டிக்கெட் இல்லாமலும் சாப்பிடலாம் என்பதால் ஒரு வேளை மட்டும் ஆசைக்குச் சாப்பிடுங்கள். மற்ற வேளைக்கு மாடவீதி மெஸ்கள் போதும்.

மாலைக் கச்சேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மத்தியானம் கேட்டுவிட்டு ஒரு மாலைக்கு நல்ல டிக்கெட்டாக வாங்குங்கள். அதற்குள் காது பழகியிருக்கும்.

தி.நகரா, சௌகார்பேட்டையா, கோ-ஆப்டெக்ஸா?

வளையல், தோடு, ஹேர்பின், எவர்சில்வர் டப்பா இவற்றுக்கு ரங்கநாதன் தெரு. ஞாயிறு போனால் நகர முடியாது. வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் கடைக்காரருக்குப் பேசவும் நேரம் இருக்கும். பாண்டி பஜார் 2019-இல் நடைபாதை வளாகமாக மாறியபின் நடக்கச் சுகம், விலை அப்படியொன்றும் இறங்கவில்லை. மீட்டர் கணக்கில் துணி வாங்கித் தைக்கிறவர்களுக்குச் சௌகார்பேட்டைப் பக்கம் கோடவுன் தெரு. அங்கே ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

புடவைக்கு மட்டும் நான் விடாப்பிடியாக இருப்பேன். அக்கா ஒரு பெரிய கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று எடுத்த இரண்டு புடவையும் இரண்டாம் துவைப்பில் சாயம் விட்டது. அடுத்த வருஷம் எழும்பூரில் கைத்தறிக் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸுக்கு அழைத்துப்போனேன். மியூசியம் இருக்கிற பாந்தியன் சாலையிலேயே இருக்கிறது. பண்டிகைக்கால அரசுத் தள்ளுபடி 30 சதவீதம் கிடைத்தது. அங்கே ஒரு ஊழியர் செட்டிநாட்டுப் பருத்திப் புடவையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கரையோரம் ஊசி குத்தியது போல வரிசையாகப் பொடி ஓட்டைகள். தறியில் துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்க வைக்கிற முள் பதிந்த தடம் அது, கைத்தறிக்கு அடையாளம். ஒன்றுதான் எடுத்தாள், இரண்டின் விலையைவிடக் கொஞ்சம் அதிகம். நான்கு வருஷமாகக் கட்டுகிறாள்.

மிஞ்சிய பணம் மருமகளுக்குப் புத்தகத்துக்கு. வருகை ஜனவரியைத் தொட்டால் நந்தனம் புத்தகக் காட்சி இருக்கும். மெட்ரோவில் நந்தனத்தில் இறங்கி நடக்கலாம், 10 சதவீதம் கழிவு. தொடாவிட்டால் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள். போன தடவை அங்கே இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஏழு புத்தகத்தோடு வந்து, மீதி இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள்.